அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு மோதிரம்: நேயர் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமான கேள்வி, ஆனால் வாசிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பியிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களையும் இவர் பலமுறை பார்த்தவர். இவருடைய அக்கா புத்தகத்தைப் பள்ளி நாட்களிலேயே படித்து முடித்தவர். போன விடுமுறையில் இருவரும் சேர்ந்து இரண்டாவது படத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஃபாரமிர் என்ற படைத்தலைவன் ஃபிரோடோவைக் கைதியாக இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் அக்கா எழுந்து போய்விட்டாராம். "இது எழுதியவருக்குச் செய்த துரோகம்" என்று அவர் சொல்ல, "புத்தகத்தை அப்படியே எடுத்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்" என்று இவர் கேட்க, இரண்டு வாரமாக வீட்டில் இருவருக்கும் சரியான பேச்சில்லை. "நீங்களே தீர்த்துவையுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, குடும்பச் சண்டையைத் தீர்த்துவைக்கும் இடமில்லை இது. ஆனாலும் இந்தக் கேள்வியை விட மனம் வரவில்லை. ஏனென்றால் இதே சண்டையை நான் என் அண்ணனோடு போட்டிருக்கிறேன், அதுவும் உங்கள் பக்கம் நின்று. பிறகு புத்தகத்தைப் படித்தேன். அதன் பிறகு அவரிடம் போய்த் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டேனா என்றால், இல்லை. பாதி தோற்றேன். அந்தப் பாதி எது என்பதுதான் என் பதில்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. தீமையெல்லாம் திரண்டு நிற்கும் ஒரு மோதிரம். அதை யார் வைத்திருந்தாலும் அவர் மனத்தை அது தின்றுவிடும். அதை அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். அந்தச் சுமை ஃபிரோடோ என்ற மிகச் சாதாரணமான, ஹாபிட் என்ற குள்ள இனத்தைச் சேர்ந்த ஒருவன் தலையில் விழுகிறது. துணைக்கு அவன் தோட்டக்காரன் சாம். வழிகாட்ட, முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்து சீரழிந்துபோன கோல்லம் என்ற ஒரு பிறவி. கோல்லம் என்று அழுத்திச் சொல்கிறேன், வாசலில் போடும் கோலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய இந்தக் கதை 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் மூன்று படங்களாக எடுத்தார்.

இந்தச் சண்டை ஜாக்சன் படம் எடுத்ததால் தொடங்கியது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. ஜாக்சன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தொடங்கிவைத்தவர் டோல்கீனே.

1957-இல் அமெரிக்காவிலிருந்து சிலர் இதைப் படமாக்கக் கேட்டு வந்தார்கள். மார்ட்டன் ஜிம்மர்மன் என்பவர் ஒரு திரைக்கதைச் சுருக்கம் எழுதிக் கொடுத்தார். டோல்கீன் அதைச் சும்மா "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பவில்லை. வரிவரியாகப் படித்து, பரீட்சைத் தாளைத் திருத்துவது போலக் குறிப்பு எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் அல்லவா, கை சும்மா இருக்குமா? 1958-இல் எழுதிய அந்தக் கடிதம் அவருடைய கடிதத் தொகுப்பில் இருக்கிறது. அதைப் படித்தால் இன்றைய ரசிகர்களின் கோபமெல்லாம் பச்சைத் தண்ணீர். எல்ஃப்கள் என்ற சாவில்லாத இனத்தார் வழிப்பயணத்துக்குச் சுட்டுத் தரும் ரொட்டியை அந்தச் சுருக்கத்தில் ஏதோ ஆய்வகத்தில் செய்த சத்துணவு போலக் குறிப்பிட்டிருந்தார்கள். அதற்கு ஒரு திட்டு. ஒரு மலைமேல் இரவில் கறுப்புக் குதிரை வீரர்கள் தாக்க வரும்போது, ஃபிரோடோவுக்குத் துணையாக வரும் அராகோர்ன் என்ற வீரன் வாளை உருவுவதாக எழுதியிருந்தார்கள். அதற்கு டோல்கீன், அவன் வாளை உருவவில்லை, எப்படி உருவுவான், அவனுடைய வாள் உடைந்த வாள் அல்லவா என்று கேட்கிறார்.

சரி, ஜாக்சன் படத்தில் அதே மலை, அதே இரவு. அராகோர்ன் என்ன செய்கிறான்? ஒரு கையில் வாள், ஒரு கையில் தீப்பந்தம். சுழற்றிச் சுழற்றி அடிக்கிறான். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கிழவர் சிவப்பு மையால் சுழித்துவைத்த இடம் அது!

அப்படியானால் அக்கா பக்கம்தான் நியாயம் என்று முடித்துவிடலாமா? பொறுங்கள். அதே கடிதத்தில் இன்னொன்று இருக்கிறது. ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரும் வேண்டும், மரத்தாத்தாக்களான எண்ட்களின் கதையும் வேண்டும் என்று இரண்டையும் திணிக்க இடமில்லை என்றால் ஒன்றை வெட்டுங்கள், வெட்டுவதானால் கோட்டைப் போரை வெட்டுங்கள், அது மையக் கதைக்கு அவ்வளவு முக்கியமில்லை என்கிறார். எழுதியவரே சொல்கிறார், வெட்டுங்கள் என்று! தன் எழுத்தில் ஒரு கமாவைக்கூடத் தொடக் கூடாது என்று நின்ற ஆளில்லை அவர். எங்கே உயிர் இருக்கிறது, எங்கே சதை இருக்கிறது என்று தெரிந்து கத்தியை எடுங்கள் என்றுதான் கேட்டார். மோசமான படங்கள் கெட்டுப்போவதே மூலக் கதையின் கரு எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் மிகைப்படுத்துவதாலும், தேவையில்லாததை நுழைப்பதாலும்தான் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

ஆக, "மாற்றினார்களா" என்பது கேள்வியே இல்லை. "எதை மாற்றினார்கள், அது உயிர்நாடியில் பட்டதா" என்பதுதான் கேள்வி. இதைச் சொன்னதும் உங்களில் பாதிப் பேர் கம்பரை இழுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான், கம்பரில் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கிறான். சரிதான், ஆனால் கம்பர் எதை மாற்றக் கூடாது என்று தெரிந்து மாற்றினார். அந்த ஒப்பீட்டை அதோடு விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் காணொளி நாளைதான் முடியும்.

இப்போது ரசிகர்கள் வழக்கமாக அடித்துக்கொள்ளும் இடங்களுக்கு வருவோம். முதலில் டாம் பாம்படில். புத்தகத்தில் கிட்டத்தட்ட மூன்று அத்தியாயம் இந்த மனிதரைச் சுற்றி நடக்கிறது. காட்டோரம் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறவர், மோதிரம் அவரை ஒன்றும் செய்வதில்லை. படத்தில் அவர் இல்லவே இல்லை. எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. கதை அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது, துரத்தல் சூடு பிடிக்கிறது, அந்த நேரத்தில் ஃபிரோடோ, சாம், அவர்களுடைய நண்பர்கள் மெர்ரி, பிப்பின் என்ற நாலு பேரையும் ஒரு வீட்டில் உட்காரவைத்துப் பாட்டுக் கேட்கச் சொன்னால் திரையரங்கில் பாதிப் பேர் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஒரே ஒரு இழப்பு உண்டு. அந்த அத்தியாயங்களில் ஒரு பழைய சமாதியிலிருந்து கிடைக்கும் குறுவாள்தான் பின்னால் மெர்ரியின் கையில் இருந்து, யாராலும் வீழ்த்த முடியாத எதிரியின் மந்திரக் கட்டை அறுக்கிறது. படத்தில் அராகோர்ன் போகிற போக்கில் நாலு வாளை எடுத்து வீசுகிறான், அவ்வளவுதான். ஆனாலும் சரி, விடுங்கள்.

ஹெல்ம்ஸ் டீப்பில் எல்ஃப் படை வந்து இறங்குவது? புத்தகத்தில் கிடையாது. ஒரே அத்தியாயத்தில் முடிந்துபோகும் போரை ஜாக்சன் மாதக்கணக்கில் இரவுப் படப்பிடிப்பு நடத்தி எடுத்தார். டோல்கீன் வெட்டச் சொன்னதை இவர் படத்தின் உச்சமாக்கினார். இதில் நான் டோல்கீன் பக்கம் பேச வேண்டும், ஆனால் பேச முடியவில்லை. மழை பெய்யத் தொடங்கி, சுவர்மேல் நிற்கும் கிழவன் ஒருவன் கை நடுங்கி அம்பை முன்னதாகவே விட்டுவிட, இரண்டு பக்கமும் ஒரு நொடி அமைதியாகும் பாருங்கள், அந்தக் காட்சிக்காக எல்ஃப்களை மன்னிக்கலாம்.

அராகோர்னின் காதலியான எல்ஃப் பெண் அர்வென் விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஹெல்ம்ஸ் டீப் போரில் அர்வெனும் வாளேந்திச் சண்டை போடுவதாகக் காட்சிகளே எடுத்திருந்தார்கள். செய்தி வெளியே கசிந்ததும் ரசிகர்கள் குமுறிவிட்டார்கள். கடைசியில் அந்தக் காட்சிகள் படத்தில் வரவில்லை. அதற்குப் பதிலாகப் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கும் அராகோர்ன்–அர்வென் காதல் கதையிலிருந்து எடுத்துக் கனவும் நினைவுமாகக் கோத்தார்கள். போர்க்களத்தில் நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ரசிகர்களின் கூச்சல் எப்போதும் வீண் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் முதல் படத்தில் அர்வென் வருகிற இடம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஃபிரோடோ காயம்பட்டுக் கிடக்கிறான், அர்வென் அவனைக் குதிரையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து, எதிரே நிற்கும் கறுப்புக் குதிரை வீரர்கள் ஒன்பது பேரையும் பார்த்துச் சவால் விடுகிறாள். பிரமாதமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. புத்தகத்தில் க்ளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் தன் குதிரையைக் கொடுக்கிறான், அவ்வளவுதான். ஆற்றைக் கடந்து அக்கரையில் தன்னந்தனியாகத் திரும்பி நின்று, நடுங்கும் கையால் வாளைத் தூக்கி, "மோதிரமும் கிடைக்காது, நானும் கிடைக்கமாட்டேன்" என்று சொல்கிறவன் ஃபிரோடோ. செத்துக்கொண்டிருக்கும் ஒருவனின் தைரியம் அது. க்ளோர்ஃபிண்டெல் போனது எனக்கு வலிக்கவில்லை, அந்தத் தைரியம் கைமாறிப் போனதுதான் வலிக்கிறது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஃபிரோடோவிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே போகிறார்கள்.

இப்போது உங்கள் அக்கா எழுந்து போன இடம், ஃபாரமிர்.

புத்தகத்தில் இவன், ஃபிரோடோ சுமப்பது என்ன என்று தெளிவாக அறிவதற்கு முன்பே, அது வழியில் கிடந்தால்கூட நான் எடுக்கமாட்டேன் என்கிறான். அது அந்த மோதிரம் என்று தெரிந்த பிறகும் சொன்ன சொல்லில் நிற்கிறான். சாப்பாடு கொடுத்து, கைத்தடி கொடுத்து அனுப்பிவைக்கிறான். டோல்கீன் தன் பாத்திரங்களில் யாராவது தன்னைப் போல் இருப்பதாகச் சொல்ல வேண்டுமென்றால் அது ஃபாரமிர்தான் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஆளைப் பிடித்து, "மோதிரம் கோண்டோருக்குப் போகும்" என்று, அதாவது தன் நாட்டுக்கே போகும் என்று சொல்லவைத்து, இருவரையும் கைகட்டி ஓஸ்கிலியத் என்ற இடிந்த நகரம் வரை இழுத்துக்கொண்டு போகவைத்தால் புத்தகம் படித்தவருக்குக் கோபம் வராதா? வரும்.

திரைக்கதை எழுதிய ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ், ஜாக்சன் தரப்புக்கும் நியாயம் உண்டு. முதல் படம் முழுக்க இந்த மோதிரம் யாரையும் விடாது, யாரையும் கெடுக்கும் என்று பயமுறுத்தியாகிவிட்டது. திடீரென்று ஒருவன் வந்து "எனக்கு வேண்டாம்" என்றால் மூன்று மணி நேரம் ஊதிய பலூன் புஸ்ஸென்று இறங்கிவிடும். இன்னொன்று, புத்தகத்தின் இரண்டாம் பாகம் ஷெலாப் என்ற ராட்சதச் சிலந்தியோடு முடிகிறது. அதை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால் இரண்டாவது படத்தில் ஃபிரோடோவுக்கும் சாமுக்கும் உச்சக் காட்சியே இல்லாமல் போயிற்று. ஏதாவது ஒரு ஆபத்து வேண்டியிருந்தது, ஃபாரமிர் மாட்டினான். திரையரங்கில் ஓடியதைவிட நீளமாகப் பின்னால் வெளியிட்ட நீளப் பதிப்பில் அவன் அண்ணன், அப்பா எல்லோரையும் காட்டும் ஒரு பழைய நினைவுக் காட்சி உண்டு. அதைப் பார்த்தால் அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்பது புரியும். அக்காவுக்குக் காட்டுவதானால் நீளப் பதிப்பைக் காட்டுங்கள். திரையரங்குப் பதிப்பில் ஃபாரமிரை மன்னிப்பது கஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கை. ஓஸ்கிலியத்தில் சாம் ஒரு வசனம் பேசுகிறான்: எல்லாம் தப்பாகப் போய்விட்டது, முறையாகப் பார்த்தால் நாம் இங்கே இருக்கவே கூடாது என்று. புத்தகம் படித்தவர்கள் அந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். உண்மைதானே, புத்தகத்தில் அவர்கள் அந்த ஊருக்கே போகவில்லை!

ஆனால் அந்த வசனத்துக்குப் பிறகு வரும் பேச்சைக் கவனியுங்கள். பெரிய கதைகளில் வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்விட வாய்ப்பிருந்தும் போகாதவர்கள் என்று சாம் பேசுவான். பார்க்கும் யாருக்கும் தொண்டை அடைக்கும். அந்தப் பேச்சு புத்தகத்தில் எங்கே வருகிறது தெரியுமா? ஓஸ்கிலியத்தில் இல்லை. சிரித் உங்கோல் மலைப் படிக்கட்டில், ஷெலாப்பின் குகைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. அங்கிருந்து எடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள்.

இப்படி இடம் மாற்றி வைப்பதில் இந்தத் திரைக்கதை எழுதியவர்கள் கைதேர்ந்தவர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடைசியில் ஃபிரோடோ கப்பலேறும்போது மழைத் திரை விலகி வெண்கரை தெரிவதாக டோல்கீன் வர்ணிப்பார். படத்தில் அந்த வர்ணனையை முற்றுகையின் நடுவே, சாகப்போகிறோமா என்று பயந்து கேட்கும் பிப்பினுக்கு மந்திரவாதி காண்டால்ஃப் சொல்லும் ஆறுதலாக ஆக்கிவிட்டார்கள். எயோவின் என்ற அரசகுலப் பெண்ணின் தனிமையைப் பற்றி காண்டால்ஃப் இரக்கத்தோடு சொல்லும் வார்த்தைகளை, அவளை மயக்கப் பார்க்கும் வோர்ம்டங் வாயில் வைத்தார்கள். ஒரே சொற்கள், அங்கே மருந்து, இங்கே விஷம். பிறகு அந்தப் பாட்டு. ஃபிரோடோவின் சொந்த ஊரான ஷயரில் ஹாபிட்கள் மாலை நடைக்குப் போகும்போது பாடும் ஒரு சாதாரண நடைப்பாட்டு. அதிலிருந்து சில வரிகளை எடுத்து, மகனைச் சாவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து தக்காளியைக் கடித்துத் தின்னும் ஃபாரமிரின் அப்பா டெனெதோர் முன்னால் பிப்பினைப் பாடவைத்தார்கள். மெட்டுப் போட்டவர் பிப்பினாக நடித்த பில்லி பாய்டே. தக்காளிச் சாறு முகவாயில் வழிகிறது, வெளியே குதிரைகள் ஓடுகின்றன, பாட்டு ஒன்றுதான் கேட்கிறது. புத்தகத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது, ஆனால் இது புத்தகத்துக்குச் செய்த மரியாதை. அந்த ஆண்டு ஆஸ்கரில் மூன்றாவது படம் பெற்ற 11 விருதுகளில் தழுவல் திரைக்கதைக்கானதும் ஒன்று. தகுதியில்லாமல் கொடுத்ததில்லை.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ம், அந்தப் படிக்கட்டில் விட்டேன். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம், மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை.

புத்தகத்தில் அந்தப் படிக்கட்டில் சாமும் ஃபிரோடோவும் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறார்கள். நடுவே சாம் கேட்கிறான், கோல்லம் தன்னைக் கதாநாயகன் என்று நினைத்துக்கொள்கிறானா, வில்லன் என்று நினைத்துக்கொள்கிறானா என்று. கூப்பிட்டுப் பார்க்கிறான், கோல்லம் அங்கே இல்லை. எங்கே போயிருக்கிறான்? சிலந்தியிடம் இவர்களைக் காட்டிக்கொடுக்கப் போயிருக்கிறான். இவர்கள் தூங்கிவிடுகிறார்கள். ஃபிரோடோவின் தலை சாமின் மடியில், சாமின் ஒரு கை அவன் நெற்றிமேல்.

அப்போது கோல்லம் திரும்பி வருகிறான். தூங்கும் இருவரையும் பார்க்கிறான். அவன் கண்ணில் இருந்த பச்சை வெளிச்சம் மங்கிப்போகிறது. கண்கள் நரைத்து, களைத்து, கிழடாகிவிடுகின்றன. மலைப்பாதையை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான், தனக்குள் ஏதோ வாதாடுவது போலத் தலையை ஆட்டுகிறான். பிறகு மெல்ல வந்து, நடுங்கும் கையை நீட்டி ஃபிரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். தடவிக்கொடுப்பது போலத் தொடுகிறான். அந்த நொடியில் அந்த இருவரில் ஒருவன் கண்விழித்துப் பார்த்திருந்தால், தன் காலம் கடந்தும் சாகாமல், உற்றார் உறவினர் எல்லாம் போய், சின்ன வயதில் திரிந்த வயலும் ஓடையும் போய் நிற்கிற ஒரு பரிதாபமான கிழட்டு ஹாபிட்டைத்தான் பார்த்திருப்பான் என்று எழுதுகிறார் டோல்கீன்.

ஃபிரோடோ தூக்கத்தில் முனகுகிறான். சாம் விழித்துக்கொள்கிறான். எஜமானரை இவன் தடவுகிறான் என்றதும் சுள்ளென்று கோபம் வருகிறது. எங்கேயடா திருட்டுத்தனமாகப் போய் வருகிறாய் என்கிறான். அவ்வளவுதான், கோல்லத்தின் கண்ணில் பச்சை வெளிச்சம் திரும்பிவிடுகிறது. அந்த நிமிடம் போய்விட்டது, இனி வராது.

பாருங்கள், காட்டிக்கொடுக்கப் போன ஒருவன் மனம் மாறும் விளிம்பில் நிற்கிறான். அவனைத் திரும்பவும் பள்ளத்தில் தள்ளுவது யார்? வில்லன் இல்லை. நமக்கெல்லாம் பிடித்த சாம். அதுவும் அன்பினால். எஜமானர்மேல் வைத்த அன்பினால்.

படத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? கோல்லம் ரொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, தூங்கும் சாம்மேல் துகள்களைத் தூவி, சாம் திருடித் தின்றுவிட்டான் என்று கோள் சொல்கிறான். ஃபிரோடோ அதை நம்பி, வீட்டுக்குப் போ என்று சாமைத் துரத்துகிறான். சாம் அழுதுகொண்டே இறங்கிப் போகிறான், கீழே ரொட்டி கிடப்பதைப் பார்க்கிறான், கோபம் வந்து மேலே ஏறுகிறான். எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. தான் ரொட்டியைத் தின்னவில்லை என்பது சாமுக்கு முன்பே தெரியாதா? கீழே கிடக்கும் ரொட்டியைப் பார்த்து அவன் புதிதாக எதைத் தெரிந்துகொண்டான்?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது போல, "படத்துக்கு விறுவிறுப்பு வேண்டும்" என்ற வாதத்தை எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்கிறேன், இந்த ஓர் இடத்தைத் தவிர. ஏனென்றால் இந்தக் கதையின் உயிர் இரக்கத்தில் இருக்கிறது. ஃபிரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த அவன் உறவினன் பில்போ முன்பு கோல்லத்தைக் கொன்றிருக்கலாம், இரக்கப்பட்டு விட்டான். அந்த இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கலாம் என்று காண்டால்ஃப் சொல்வது படத்திலும் இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. புத்தகத்தில் அந்த நூல் அறுபடாமல் ஓடுகிறது. ஃபிரோடோ இரக்கப்படுகிறான். குளக்கரையில் அவன் கெஞ்சியதால் ஃபாரமிர் கோல்லத்தை உயிரோடு விடுகிறான். கடைசியில் எரிமலைச் சரிவில் சாம் வாளை ஓங்கிவிட்டு, கொஞ்ச காலம் தானும் அந்த மோதிரத்தைச் சுமந்தவன் என்பதால் அந்தப் பிறவியின் வேதனை புரிந்து, வெட்ட முடியாமல் நிற்கிறான். படிக்கட்டில் தவறவிட்ட இரக்கம் அங்கே அவனுக்கு வருகிறது, காலம் கடந்து. இந்தக் காட்சியும் படத்தில் இல்லை.

எரிமலையின் உள்ளே ஃபிரோடோ தோற்கிறான். மோதிரம் என்னுடையது என்கிறான். படத்திலும் அப்படித்தான், அதைத் துணிந்து வைத்தார்கள். ஆனால் புத்தகத்தில் கோல்லம் மோதிரத்தைப் பறித்து, ஆனந்தக் கூத்தாடி, கால் தவறி விழுகிறான். யாரும் தள்ளவில்லை. படத்தில் ஃபிரோடோ எழுந்து வந்து மறுபடி அவனோடு மோதுகிறான், அந்த மோதலில் கோல்லம் விழுகிறான். முதலில் ஃபிரோடோவே தள்ளிவிடுவதாக எடுத்து, அது கொலை போல இருக்கிறது என்று இப்படி மாற்றியிருக்கிறார்கள். நல்லவேளை. ஆனாலும் பாருங்கள், இத்தனை பேர் போகிற வழியெல்லாம் அவனை உயிரோடு விட்டதால்தான் உலகம் பிழைத்தது என்பது புத்தகம். மோதிரத்துக்காக இருவர் அடித்துக்கொண்டதில் அது உள்ளே விழுந்தது என்பது படம். புத்தகத்தில் ஃபிரோடோ உடனே சொல்வது, இவன் இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது, இவனை மன்னித்துவிடுவோம் என்பது.

ஷயருக்குத் திரும்பும் பகுதியும் இதோடு சேர்ந்ததுதான். புத்தகத்தில் அவர்கள் வீடு திரும்பும்போது ஊரே நாசமாகிக் கிடக்கிறது, மரங்கள் வெட்டப்பட்டு, அடியாட்கள் ஆட்சி செய்ய, பின்னால் சாருமான் என்ற கெட்டுப்போன மந்திரவாதி இருக்கிறான். அவன் கத்தியால் குத்தியும்கூட ஃபிரோடோ அவனைக் கொல்ல விடவில்லை. அந்த இரக்கம்தான் சாருமானைச் சுடுகிறது. நீ வளர்ந்துவிட்டாய், என் பழிவாங்கலின் இனிப்பையே எடுத்துவிட்டாய் என்கிறான். படத்தில் ஷயர் அப்படியே பசுமையாக இருக்கிறது. நாலு பேரும் மதுக்கடையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், ஊருக்கு ஒன்றும் தெரியாது. போருக்குப் போய் வந்தவர்களின் மௌனம் அது, அதுவும் எனக்குப் பிடிக்கும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் படம் பார்த்தவர்களிடம் இன்னொரு சண்டையைக் கொண்டுவர முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் 1958-இல் அந்தச் சுருக்கத்திலும் முடிவை வெட்டியிருந்தார்கள். அதற்கு டோல்கீன், கதையின் முடிவை வெட்டிவிட்டு சாருமானை மட்டும் எதற்குச் சாகடிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். ஜாக்சன் தன் மூன்றாவது படத்தின் திரையரங்குப் பதிப்பில் சாருமானைக் காட்டவே இல்லை. நீளப் பதிப்பில் கோபுரத்தின் உச்சியில் கத்திக்குத்து வாங்கிக் கீழே விழுந்து சாகவைத்தார்.

டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் 2012-இல் ஒரு பிரெஞ்சு நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில், புத்தகத்தின் குடலை உருவிவிட்டு இளைஞர்களுக்கான அதிரடிப் படமாக்கிவிட்டார்கள் என்று சொன்னார். அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளோடு வாழ்நாளைக் கழித்தவர், சொல்ல உரிமை உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. குடலை உருவவில்லை. ஒரே ஒரு நரம்பை வெட்டியிருக்கிறார்கள், அது எங்கே ஓடுகிறது என்று முழுதாகத் தெரியாமல்.

தம்பி, இப்போது நான் தோற்ற பாதி உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் அக்கா சரியான காரணத்துக்காகத் தவறான காட்சியில் எழுந்து போயிருக்கிறார். ஃபாரமிருக்காக எழுந்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது படத்தில் அந்த ரொட்டித் துகள் விழும்போது எழுந்து போகட்டும், நானே கதவைத் திறந்துவிடுகிறேன்.

ஒன்று செய்யுங்கள். அக்காவிடம் இருக்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள், பேச்சைத் தொடங்க அது போதும். இரண்டாம் பாகத்தில் நான்காம் புத்தகம், எட்டாவது அத்தியாயம். அதன் கடைசி நாலைந்து பக்கத்தை அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. பிறகு மூன்றாவது படத்தில் அதே இடத்தைச் சேர்ந்து பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அக்கா என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள், உங்கள் பக்கத்தை மட்டும் எழுதாதீர்கள்.

அடுத்தது... கழுகுகள். "கழுகு மேல் ஏறி நேராக எரிமலைக்குப் பறந்து போயிருக்கலாமே?" இதை எட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கழுகுகளைப் பற்றியும் 1958 கடிதத்தில் கிழவர் திட்டியிருக்கிறார். அதை அடுத்த வாரம் பார்ப்போம், இன்று தொண்டை போய்விட்டது.